பேலி பூங்காவின் நீர்ச்சுவர்: நகரப் பூங்காவில் ஒலி செய்யும் வேலை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

நியூயார்க்கின் மிட்டவுன் மன்ஹாட்டனில், ஐந்தாம் அவென்யூவுக்கும் மேடிசன் அவென்யூவுக்கும் இடையில், கிழக்கு 53ஆம் தெருவின் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, பல் விழுந்த இடம்போல ஒரு சிறிய இடைவெளி இருக்கிறது. அதன் பரப்பு 4,200 சதுர அடி. சென்னைக் கணக்கில் சொன்னால் ஒன்றேமுக்கால் கிரவுண்டு, அதாவது நம் ஊரில் ஒரு நடுத்தர அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போதாது என்று கட்டுநர் முகம் சுளிக்கும் அளவுள்ள மனை. 1960களின் நடுப்பகுதி வரை அங்கே ஸ்டார்க் கிளப் என்ற புகழ்பெற்ற இரவு விடுதி இருந்தது. அது மூடப்பட்டு இடிக்கப்பட்ட பிறகு, சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்தை வளர்த்தெடுத்த வில்லியம் பேலி, தம் தந்தை சாமுவேல் பேலியின் நினைவாக அந்த மனையில் ஒரு பூங்காவை அமைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1967 மே 23 அன்று திறக்கப்பட்ட அந்தப் பேலி பூங்காவை வடிவமைத்தவர் நிலத்தோற்றக் கலைஞர் ராபர்ட் ஸயன்.

இந்தப் பூங்காவின் நாற்காலிகள், நிழல், உணவு மேடை ஆகியவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஆய்வு அவற்றை ஒலியின் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிறது. பூங்காவின் பின்சுவர் முழுவதும் 20 அடி உயரத்திலிருந்து நீர் விழுகிறது. நிமிடத்துக்கு 1,800 கேலன், ஏறக்குறைய 6,800 லிட்டர். நம் தெருக்களுக்கு வரும் சிறிய தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவைவிட அதிகமான நீர் ஒவ்வொரு நிமிடமும் மேலிருந்து கொட்டி, மீண்டும் மேலே ஏற்றப்பட்டு, மறுபடியும் கொட்டுகிறது. அது எழுப்பும் ஓசை மெல்லிய சலசலப்பு அன்று. அதன் அருகில் நின்றால் பேரிரைச்சல் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அங்கே உட்கார்ந்து எழுந்து வருபவர்கள் அந்த இடத்தை அமைதியானது என்று சொல்கிறார்கள். அளவுக்கருவி ஒன்றைச் சொல்ல, மனிதர் வேறொன்றைச் சொல்லும் இந்த இடத்தில், பூங்காக்களின் ஒலியைப் பற்றி நாம் வழக்கமாக நினைத்துக்கொண்டிருப்பது போதாது என்பது தெரியவருகிறது.

வைட் கேட்டதும் கேட்க வைத்ததும்

இந்த முரணை முதலில் கவனமாகப் பதிவு செய்தவர் வில்லியம் எச். வைட். 1970களில் நியூயார்க்கின் சிறிய பொதுவெளிகளில் மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எதைத் தவிர்க்கிறார்கள் என்று கேமராவும் குறிப்பேடுமாக ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். பேலி பூங்காவின் நீர்ச்சுவருக்கு அருகே ஒலி அளவு சுமார் 75 டெசிபல் என்றும், வெளியே தெருவில் இருப்பதைவிட அது அளந்து காட்டக்கூடிய அளவுக்கு அதிகம் என்றும் 1980இல் வெளியிட்ட தம் ஆய்வில் அவர் குறிப்பிட்டார். அதோடு நிற்கவில்லை. அந்த நீரோசையை நாடாவில் பதிவு செய்து, எங்கே எடுத்தது என்று சொல்லாமல் சிலருக்குப் போட்டுக் காட்டினார். கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். சுரங்க ரயில், நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகள் என்று அவர்களுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். பூங்காவில் இனிமையாக இருந்த அதே ஒலி, பூங்காவை நீக்கிவிட்டுக் கேட்டபோது தொந்தரவாகிவிட்டது.

வைட் தந்த விளக்கம் எளிமையானது, இன்றுவரை பெரும்பாலும் ஏற்கத்தக்கது. விழும் நீரின் ஓசை இடையறாதது, ஒரே சீரானது, பல அதிர்வெண்களில் பரவியிருப்பது. தெருவின் சத்தத்தில் நம்மை மிகவும் தைப்பது அதன் சராசரி அளவு அன்று. திடீரென்று எழும் ஹாரன், இரும்புத் தகடு அதிரும் ஓசை, பிரேக்கின் கிறீச்சிடல் போன்ற விட்டுவிட்டு வரும் வெடிப்புகளே நம்மைத் தைக்கின்றன. நீரோசை இவற்றின் மேல் ஒரு போர்வையை விரித்துவிடுகிறது. பக்கத்து மேசையில் பேசுவதும் அதே போர்வைக்குள் போய்விடுவதால், கூட்டத்துக்கு நடுவிலும் தனியாக இருக்கும் உணர்வு கிடைக்கிறது. எப்போதாவது நீர் நிறுத்தப்படும் வேளையில் அந்த மாயம் கலைந்துபோகிறது என்றும், அப்போது அந்த இடம் முன்போல் இனிமையாகவும் இல்லை, அமைதியாகவும் இல்லை என்றும் அவர் எழுதினார். 75 டெசிபல் இரைச்சலை நிறுத்தியதும் இடம் அமைதி குறைந்ததாகத் தோன்றியது என்ற இந்த ஒரு கவனிப்புக்காகவே, ஒலிச்சூழல் பற்றிப் படிக்கும் எவரும் பேலி பூங்காவுக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது.

அந்த 75 டெசிபல் என்பது எவ்வளவு என்று நம் நாட்டு அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, பகலில் குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு 55 டெசிபல், வணிகப் பகுதிக்கு 65, மருத்துவமனை, பள்ளி முதலியவற்றைச் சுற்றிய அமைதிப் பகுதிக்கு 50. தொழிற்பேட்டைக்கு மட்டுமே 75. விதிப் புத்தகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேலி பூங்காவின் முன்வரிசையில் நின்றால், அதைத் தொழிற்சாலை வளாகம் என்றே எழுத நேரும்.

படிகளிலிருந்து நீர் வரை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் நண்பகலில் அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பூங்காவின் தரை நடைபாதையைவிடச் சற்று உயரம், நான்கு படிகள் ஏறவேண்டும். முதல் படியில் நின்றபோது என் முதுகுப்புறம் டாக்சி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தது. நீரோசை அதற்கு அடியில், தூரத்து மழைபோல் இருந்தது. மேலே ஏறி முதல் வரிசை மரங்களைக் கடந்தபோது இரண்டும் ஏறக்குறைய சமமாயின. அந்த இடத்தில்தான் காது சற்றுக் குழம்புகிறது, எதைக் கேட்பது என்று முடிவு செய்ய முடியாமல் தவிக்கிறது. இன்னும் சில அடிகள் உள்ளே போனதும் தெரு மெலிந்துவிட்டது. ஹாரன் வந்தது தெரிந்தது, ஆனால் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. நீர்ச்சுவருக்கு முன்னால் கடைசி வரிசை மேசைகளில் தெரு முற்றிலும் இல்லாமல் போயிற்று. ஒருவர் இரும்புக் கம்பி நாற்காலியைக் கருங்கல் தரையில் இழுத்துப் போட்டார். வேறெங்கும் பல் கூசவைக்கும் அந்த ஓசை, அங்கே கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு எட்டவில்லை.

அந்த வரிசையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டிருந்தவர்கள், சற்று நேரத்தில் ஒன்றைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தோளோடு தோள் சாய்ந்து, ஒருவர் காதருகே ஒருவர் பேசத் தொடங்கினார்கள். இதற்குக் காரணம் எளிது. ஒரு மீட்டர் தொலைவில் நாம் இயல்பாகப் பேசும் குரல் சுமார் 60 டெசிபல்தான். 75 டெசிபல் நீரோசைக்கு முன் அது எடுபடாது. குரலை உயர்த்த வேண்டும், அல்லது நெருங்கி உட்கார வேண்டும். அங்கே பெரும்பாலோர் நெருங்கியே உட்காருகிறார்கள். ஒலி மனிதர்களுக்கிடையிலான இடைவெளியைக்கூட மாற்றி அமைக்கிறது என்பதை நான் அதற்கு முன் எங்கும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. நாற்காலிகள் நகர்த்தக்கூடியவையாக இல்லாதிருந்தால் இது நடந்திருக்காது. ஹாரி பெர்டோயா வடிவமைத்த அந்தக் கம்பி நாற்காலிகளை ஒரு கையால் தூக்கிவிடலாம். எவ்வளவு ஒலி வேண்டும் என்பதை வருபவர் தாமே முடிவு செய்து, அதற்கேற்ற தொலைவில் உட்கார்ந்துகொள்கிறார். படித்துக்கொண்டிருந்தவர்களும் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரும் நீருக்கு அருகே இருந்தார்கள். அலுவலகப் பேச்சுப் பேசியவர்கள் நடுவில் இருந்தார்கள். யாருக்காகவோ காத்திருந்தவர்கள் தெருப்பக்கம் இருந்தார்கள். 100 அடி நீளத்துக்குள் மூன்று விதமான ஒலிச்சூழல்கள் இருந்தன என்றே சொல்லலாம்.

மறைப்பு எப்படி நிகழ்கிறது

டெசிபல் கணக்கு நம் அன்றாடக் கூட்டல் கணக்கைப் போன்றது அன்று. சம அளவுள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் மொத்தம் 3 டெசிபல்தான் கூடும். ஓர் ஒலி மற்றதைவிட 10 டெசிபல் அதிகமாக இருந்தால், இரண்டும் சேர்ந்த மொத்தம் பெரியதைவிட அரை டெசிபல்கூடக் கூடாது. ஆகவே 75 டெசிபல் நீரோசையின் நடுவே தெருவிலிருந்து வரும் 65 டெசிபல் ஒலியை அளவுக்கருவி ஏறக்குறையக் கவனிப்பதே இல்லை. காதும் அப்படித்தான், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மறைக்கும் ஒலியும் மறைக்கப்படும் ஒலியும் ஒரே அதிர்வெண் பகுதியில் இருக்க வேண்டும். விழும் நீரின் ஆற்றல் பெரும்பாலும் நடுத்தர, உயர் அதிர்வெண்களில் இருக்கிறது. ஹாரனின் கூர்மை, பிரேக்கின் கிறீச்சிடல், மனிதக் குரலின் மெய்யெழுத்துகள் எல்லாம் அதே பகுதியைச் சேர்ந்தவை, ஆகவே அவை எளிதில் மூழ்கிவிடுகின்றன. பேருந்து இன்ஜினின் ஆழ்ந்த உறுமல் கீழ் அதிர்வெண்ணைச் சேர்ந்தது. அதை ஒரு சிறிய நீரூற்றால் மறைக்கவே முடியாது. இருபதடி உயரத்திலிருந்து அகலமாகவும் கனமாகவும் விழும் நீர்தான் ஓரளவேனும் அந்தப் பகுதியைத் தொடுகிறது. பல நகரங்களில் போக்குவரத்துக்கு நடுவே வைக்கப்படும் மெல்லிய நீர்த்தாரைகள் கண்ணுக்கு அழகாக இருந்தும் காதுக்கு உதவாமல் போவதற்கு இதுவே காரணம்.

நீர்ச்சுவரின் வடிவத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு புள்ளியிலிருந்து எழும் ஒலி, தொலைவு இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். சுவர் முழுவதும் பரந்து எழும் ஒலி, அதற்கு அருகில் இருக்கும்வரை, அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. இரு பக்கமும் உயர்ந்த செங்கற்சுவர்கள் நிற்பதால் ஒலி பக்கவாட்டில் தப்பிப்போகவும் இடமில்லை. ஆகவே ஒரே ஒரு நீர்ச்சுவரால் மனையின் பெரும்பகுதியை நிரப்ப முடிகிறது. பரந்த மைதானத்தின் நடுவே இதே நீரளவை விழச் செய்தால் இந்தப் பயன் கிடைக்காது. பேலி பூங்காவின் ஒலி அதன் குறுகலான வடிவத்தின் குழந்தை என்பதை, அந்த அருவியை மட்டும் எடுத்து வேறிடத்தில் வைக்க நினைப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மரமும் கொடியும் காதுக்குச் செய்வது

இந்த இடத்தில், தாவரங்களைப் பற்றிப் பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையைச் சரிபார்க்க வேண்டும். மரம் வைத்தால் சத்தம் குறையும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில், அளவில் குறிப்பிடத்தக்க குறைவு வேண்டுமானால் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு அடர்ந்த மரமும் புதருமாக இருக்க வேண்டும். ஒற்றை வரிசை மரங்களோ ஒரு வேலியோ சாலை இரைச்சலைக் குறைக்கும் அளவு மிகச் சிறியது, குறிப்பாகக் கீழ் அதிர்வெண்களில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. பேலி பூங்காவில் பன்னிரண்டு அடி இடைவெளியில் 17 ஹனி லோகஸ்ட் மரங்கள் நிற்கின்றன. பக்கச் சுவர்களில் ஐவிக் கொடி படர்ந்திருக்கிறது. ஸயன் அந்தச் சுவர்களை நிமிர்ந்து நிற்கும் புல்வெளிகள் என்று கருதினார். கொடியின் இலைகள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியின் கூர்மையை ஓரளவு உறிஞ்சும், அவ்வளவுதான். தெருச் சத்தத்தைத் தடுக்கும் வேலையை அந்தப் பசுமை செய்யவில்லை.

ஆனாலும் அது இல்லாமல் இந்த ஒலிச்சூழல் இல்லை. வைட்டின் நாடாச் சோதனை காட்டியது அதைத்தான். ஓர் ஒலியை நாம் இனிதா, இன்னாததா என்று தீர்மானிப்பது அது எதிலிருந்து வருகிறது என்று அறிந்த பிறகுதான். நீர் விழுவதைக் கண் பார்க்கிறது, அதன் ஈரத்தைக் காற்றில் தோல் உணர்கிறது, தலைக்கு மேல் இலைக்கூரை இருக்கிறது. இவையெல்லாம் சேர்ந்து காதிடம் இது அருவி என்று சொல்கின்றன. கண்ணை மூடிக்கொண்டால் அதுவே லாரி ஆகிவிடக்கூடும். பழந்தமிழில் அருவி விழும் ஓசைக்கு 'இழும்' என்று ஓர் ஒலிக்குறிப்பு உண்டு. இனிமை என்ற பொருளும் அதற்கு உண்டு. ஒலியையும் அதைக் கேட்கும் இன்பத்தையும் பிரிக்காமல் ஒரே சொல்லில் வைத்திருந்தவர்கள், மலையையும் சோலையையும் கண்ணால் கண்டுகொண்டே அதைக் கேட்டவர்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

ஹனி லோகஸ்ட் நம் புளிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது, இலையும் அதைப்போலவே சிறு சிறு இதழ்களாகப் பிரிந்தது. வெயிலைச் சல்லடையாகச் சலித்துத் தரும், காற்றில் பெரிதாக ஓசை எழுப்பாது. அரச மரத்தைப்போல் சிறு காற்றுக்கும் படபடக்கும் இலையாக இருந்திருந்தால் அதற்கென்று தனி ஓசை ஒன்று இருந்திருக்கும், ஆனால் இந்த அருவிக்கு முன்னால் அதுவும் கேட்டிருக்காது. நான் போன அன்று இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. மேசையிலும் காப்பிக் கோப்பையிலும் தோளிலும் விழுந்த அவற்றின் ஓசையின்மைகூட அந்த இடத்தின் அமைதியைக் கூட்டியது. இங்கே தாவரத்தின் வேலை கண் வழியாகக் காதைப் பழக்குவது.

சாலையை மரங்களால் கண்ணிலிருந்து மறைத்துவிட்டால் இரைச்சல் தானாகக் குறைந்ததாகத் தோன்றும் என்ற கருத்தும் எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை. 1990களின் இறுதியில் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், சாலை செடிகொடிகளால் மறைக்கப்பட்டிருந்தபோது அதே அளவு இரைச்சல் கேட்டவர்களை அதிகமாகவே உறுத்தியது. பசுமையைப் பார்த்ததும் காது அமைதியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவதால், வந்து விழும் லாரிச் சத்தம் இன்னும் பொருந்தாததாகப் படுகிறது என்பது எனக்கு ஏற்புடைய விளக்கமாகத் தோன்றுகிறது. பேலி பூங்கா தெருவை மறைப்பதே இல்லை. முன்பக்கம் அகலத் திறந்திருக்கிறது, உள்ளே உட்கார்ந்தபடி வண்டிகள் போவதைப் பார்க்கலாம். ஓடும் வண்டிகள் ஓசையின்றி ஓடுவதைப் பார்க்கையில் தெரு ஒரு படமாகிவிடுகிறது.

ஆய்வகம் சொல்வதோடு பொருந்தாத இடம்

ஒலிச்சூழல் ஆய்வுகள் 2000க்குப் பிறகு வேகமாக வளர்ந்திருக்கின்றன. 2010இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 50 நகர ஒலிப்பதிவுகளை 100 பேரைக் கேட்கச் செய்து, மக்கள் ஒலிச்சூழலை முதன்மையாக இரண்டு அச்சுகளில் மதிப்பிடுகிறார்கள் என்று கண்டார்கள். ஒன்று இனிமை, மற்றது நிகழ்வுச் செறிவு, அதாவது அங்கே எவ்வளவு நடந்துகொண்டிருப்பதாகக் கேட்கிறது என்பது. இனிமையாகவும் நிகழ்வு குறைந்ததாகவும் இருப்பதே அமைதி. பேலி பூங்காவை இந்தக் கட்டத்தில் வைத்தால் வைட்டின் கவனிப்பு விளங்கிவிடுகிறது. நீர் நிறுத்தப்பட்டபோது ஒலியின் அளவு குறைந்தது, ஆனால் நிகழ்வுகள் பெருகின. ஒவ்வொரு ஹாரனும் ஒரு செய்தியாக வந்து கவனத்தைப் பறித்தது. டெசிபல் இரண்டு அச்சுகளில் எதையும் நேரடியாக அளப்பதில்லை. அதே 2010இல் ஸ்வீடனில் நடந்த இன்னோர் ஆய்வில், மன அழுத்தம் தரும் கணக்குப் பயிற்சிக்குப் பிறகு நீரூற்றும் பறவையும் கலந்த ஒலியைக் கேட்ட 40 பேரின் உடல், இரைச்சல் கேட்டபோது தணிந்ததைவிட விரைவாகத் தணிந்தது தோலின் மின்கடத்தலை அளந்ததில் தெரிந்தது.

ஆனால் எல்லா ஆய்வும் பேலி பூங்காவுக்குச் சாதகமாக இல்லை. தென்கொரிய ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நகர இரைச்சலை நீரோசையால் இனிதாக்க வேண்டுமானால் நீரோசை அந்த இரைச்சலுக்குச் சமமாகவோ, 3 டெசிபலுக்கு மேல் குறையாமலோ இருந்தால் போதும். இரைச்சலை விஞ்சி நிற்க வேண்டியதில்லை. எடின்பரோவில் நடந்து 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில், சாலை இரைச்சலோடு சேர்த்துக் கேட்டவர்கள் ஓடைபோல் மெல்ல ஓடும் நீரையே அதிகம் விரும்பினார்கள். அருவி வகைகள் பின்தங்கின. அப்படியென்றால் பேலி பூங்கா அளவிலும் தவறு, வகையிலும் தவறு. எனினும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த நாற்காலிகள் நிரம்பியே இருக்கின்றன. 1999இல் பூங்காவைப் புதுப்பித்துக் கட்டியபோதும் பழைய வடிவத்தையே, அதே நீர்ச்சுவரோடு, திரும்பக் கட்டினார்கள்.

நான் ஆய்வகங்களைக் குறை சொல்லவில்லை. அவற்றில் கேட்பவர் ஒலிபெருக்கியின் முன் உட்கார்ந்திருக்கிறார், எழுந்து தள்ளிப் போக முடியாது, நீரில் கால் நனையும் தொலைவில் இல்லை, தெருவிலிருந்து தப்பி வந்தவரும் இல்லை. இந்தக் கடைசிக் காரணத்துக்கு நான் மிகுந்த எடை தருகிறேன். 53ஆம் தெருவில் நடந்து களைத்து வருபவருக்கு முதலில் வேண்டியது துண்டிப்பு. மெல்லிய ஓடை அவருக்கு அதைத் தர இயலாது. இதே காரணத்தால், அமைதியான குடியிருப்புத் தெருவில் உள்ள பூங்காவில் பேலி அளவுக்கு ஓர் அருவியை வைத்தால் அது ஒரு தொல்லையாகவே இருக்கும். சர்வதேசத் தரப்படுத்தல் அமைப்பான ஐஎஸ்ஓ 2014இல் வெளியிட்ட 12913 தரநிலை, ஒலிச்சூழல் என்பது ஒலி மட்டும் அன்று, ஒரு சூழலில் மனிதர் அதை உணர்ந்து புரிந்துகொள்ளும் விதம் என்று வரையறுத்தது இதை மனத்தில் வைத்துத்தான்.

சில தெருக்கள் தள்ளி, கிழக்கு 51ஆம் தெருவில், ஹிதேயோ சசாகியின் நிறுவனம் வடிவமைத்து 1971இல் திறக்கப்பட்ட கிரீனேக்கர் பூங்கா இருக்கிறது. அங்கே பின்புறம் 25 அடி அருவி உண்டு. அதோடு பக்கச் சுவரை ஒட்டி ஒரு சிறு நீரோட்டமும் வாயிலிலிருந்தே தொடங்குகிறது. அருவியின் முழக்கத்தை அடையும் முன் சிறு நீரின் பேச்சு காதைப் பிடித்து உள்ளே அழைத்துப்போகிறது. தளமும் மூன்று நிலைகளாக ஏறி இறங்குகிறது. நான் முன்பு சொன்ன அந்தக் குழப்பமான இடம், தெருவும் நீரும் சமமாகி எதைக் கேட்பதென்று தெரியாமல் நிற்கும் இடம், அங்கே அவ்வளவு உணரப்படவில்லை. ஒலியின் பார்வையில் கிரீனேக்கர்தான் இன்னும் நுட்பமான வடிவமைப்பு என்பது என் கருத்து.

இழப்புகளும் ஒரு மாற்று வழியும்

மறைப்பு எதையும் பார்த்து மறைப்பதில்லை. ஹாரனை மூழ்கடிக்கும் நீர், சிட்டுக்குருவியின் குரலையும் மூழ்கடிக்கிறது. நகர இரைச்சலில் பறவைகளே தம் பாட்டை மாற்றிக்கொள்கின்றன. நெதர்லாந்தின் லைடன் நகரில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, இரைச்சல் மிகுந்த இடங்களில் வாழும் பட்டாணிக்குருவி இனப் பறவைகள் தாழ்ந்த சுரங்களை விட்டு மேல் சுரங்களில் பாடுவதைக் காட்டியது. சாலை இரைச்சல் கீழ் அதிர்வெண்ணில் இருப்பதால் அவற்றுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. பரந்த அலைவரிசையில் கொட்டும் அருவிக்கு முன் அந்த வழியும் அடைபடும். செவித்திறன் குறைந்தவர்களுக்கும் இந்த இடம் கடினமானது. இரைச்சலின் நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்பதுதான் அவர்களுக்கு முதலில் கைவிட்டுப் போவது, காதுக்கருவியும் நீரையும் குரலையும் சேர்த்தே பெரிதாக்கிவிடும். வயதான ஒருவரோடு மனம்விட்டுப் பேச நினைப்பவர் நீர்ச்சுவரின் அருகே உட்காரக் கூடாது. பார்வையற்றவருக்கு நீர்ச்சுவர் திசைகாட்டியாக உதவும், ஆனால் அருகே வருபவரின் காலடியை அது பறித்துக்கொள்ளும். இவை சிறிய இழப்புகள் அல்ல, பேலி பூங்காவைப் புகழ்பவர்கள் இவற்றைச் சொல்லாமல் கடந்துபோகிறார்கள்.

இந்த இழப்புகளை வேறு வழியில் எதிர்கொண்ட இடம் பெர்லினின் வெடிங் பகுதியில் உள்ள நவ்னர் பிளாட்ஸ். இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே சிக்கிய பொதுவெளி அது. ஒலிச்சூழல் ஆய்வாளர் பிரிகிட்டே ஷுல்டே-ஃபோர்ட்காம்ப் அங்கே மக்களோடு ஒலிநடை போனார். அதாவது, பேசாமல் காதைத் தீட்டிக்கொண்டு ஒன்றாக நடந்து, ஒவ்வோர் இடத்திலும் என்ன கேட்டது, எது உறுத்தியது, எதைக் கேட்க விரும்புகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் முறை. அங்கு வாழும் பலரும் பறவையையும் நீரையும் கேட்க விரும்பினார்கள். சாலைப் பக்கம் கம்பி வலைக்கூண்டுகளில் கல் நிரப்பித் தாழ்ந்த சுவர் எழுப்பினார்கள். சில இருக்கைகளில், பொத்தானை அழுத்தினால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் பறவை ஒலியோ கடற்கரை அலையோசையோ கேட்கும்படி ஒலிபெருக்கிகளைப் பொருத்தினார்கள். 2012இல் அதற்கு ஐரோப்பிய ஒலிச்சூழல் விருது கிடைத்தது. பதிவு செய்த பறவைக்குரலை நடும் செடிக்கு மாற்றாக வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் கேட்க வேண்டுமா வேண்டாமா என்பதை வருபவரின் விரலில் விட்டதும், திட்டமிடும் முன் அங்கே வாழ்பவரின் காதைக் கேட்டதும், பேலி பூங்காவின் நகர்த்தக்கூடிய நாற்காலி செய்யும் அதே வேலையைச் செய்கின்றன.

நான் அன்று பூங்காவிலிருந்து புறப்படும் முன் நீர்ச்சுவரின் ஓசையைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்துகொண்டேன். ஊருக்கு வந்த பிறகு ஒரு மாலையில், என்னவென்று சொல்லாமல் அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அடுப்படியிலிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே எட்டிப் பார்த்து, "மோட்டாரை நிறுத்தலையா? டேங்க் வழிஞ்சு ஊத்துது பாரு" என்றார். பிறகு அதே இடத்தில் எடுத்த காணொளியைக் காட்டினேன். மஞ்சள் இலைகள், வெள்ளை நீர், அதன் முன்னால் சாய்ந்து தூங்கும் ஒரு மனிதர். பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். பாதியில், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார்.